மிச்சம் எல்லாம் குப்பை அல்ல



"வேண்டாத சாப்ட்வேரை நீக்குங்கள், மிச்சம் மீதியையும் துடைத்துவிடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி அறிவுரை வருகிறது. அதில் முதல் பாதியைத்தான் நான் ஏற்பேன். பட்டுத் தெரிந்துகொண்டது.

போன மாதம் என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நீக்கினேன். "இந்தப் பொதுக் கோப்பை வேறு எந்த மென்பொருளும் பயன்படுத்தவில்லை, அழிக்கலாமா?" என்று கேட்டது. யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'ஆம்' கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஓர் அம்மா போன் செய்தார். 2004 ஆண்டு மலரில் தன் மகன் எழுதிய கட்டுரை வேண்டும் என்றார். அந்தப் பையன் இன்று இல்லை. கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கிறுக்கல். எழுத்துருவையும் சேர்த்து அழித்திருக்கிறேன்!

ஒரு பொதுக் கோப்பை எத்தனை மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன என்ற கணக்கு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். நிறுவினால் ஒன்று கூடும், நீக்கினால் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் அழிக்கலாமா என்று கேட்கும். எல்லா மென்பொருளும் இதை ஒழுங்காகப் பதிவதில்லை. தவிர, அது மென்பொருளை மட்டும்தான் எண்ணும். நம் கட்டுரையையும் கடிதத்தையும் எண்ணாது.

நம் அரக்கோணம் ஜங்ஷனையே பாருங்கள். திருத்தணி பாசஞ்சர் ஒன்றை நிறுத்தினால் தண்டவாளத்தையா பெயர்ப்பார்கள்? திருப்பதி வண்டியும் அதே பாதையில்தானே போக வேண்டும்?

நல்லவேளை, அலமாரியில் கிடந்த பழைய சிடியில் அந்த எழுத்துரு இருந்தது. அதை நிறுவியதும் பையனின் தமிழ் திரும்பி வந்தது. கட்டுரையை யுனிகோடுக்கு மாற்றி, அச்செடுத்து, அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே பிள்ளைகளா, பொதுக் கோப்பை அழிக்கவா என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அது அடைக்கும் இடம் கொஞ்சம்தான். பழைய கீபோர்டு மட்டும் தங்கித் தொந்தரவு செய்தால், மொழி அமைப்பில் போய் அதை மட்டும் நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருளை நம்பாதீர்கள். எழுத்துருக்களுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

தமிழக அரசே 2010-இல் யுனிகோடுக்கு மாறிவிட்டது. உங்கள் வீட்டுப் பழைய கோப்புகளையும், திறக்க வழி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எழுத்துரு கிடைக்காதவர்கள் எனக்கு எழுதுங்கள். சிடி பத்திரமாக இருக்கிறது.