கூடம் கோணல்தான்

வாடிக்கையாளருக்கு அனுப்பிய உதிரிபாகம் ஒன்று பழுதென்று திரும்பி வருகிறது. தொழிற்சாலையில் ஒரு படிவத்தை எடுக்கிறார்கள். 'மூல காரணம்' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதுகிறார்கள். 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் 'ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது'. கையெழுத்தாகிக் கோப்புக்குள் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து அதே பழுது, அதே படிவம், அதே இரண்டு வரி. ஆபரேட்டரின் பெயர் மட்டும் வேறு.

ஆள் சரியாக வேலை பார்த்தால் தரம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை முதலாளி அறையிலிருந்து ஷிஃப்ட் சூப்பர்வைசர் மேசை வரை பரவியிருக்கிறது. அதனால்தான் சுவரில் தரத்தைப் போற்றும் வாசகம், பழுதுக்கு மெமோ, அதற்கும் மசியாவிட்டால் லைன் முடிவில் சோதிக்க இன்னும் இரண்டு க்யூசி ஆட்கள். தொடர் தர மேம்பாடு என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இவ்வளவே. மெஷினையோ வேலை முறையையோ குறை சொல்லும் தொழிலாளிக்குச் சொல்ல ஒரு பழமொழியும் தயாராக இருக்கிறது: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கூடத்தை அளந்து பார்த்தவர்கள் சொன்னது வேறு.

1961இல் ஜப்பானிய உற்பத்திப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ, யமதா எலெக்ட்ரிக் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே சின்ன ஸ்விட்ச் ஒன்றை இணைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொத்தான், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங். அவ்வளவு எளிய வேலையிலும் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங் விட்டுப்போகும். வாடிக்கையாளர் புகார் செய்வார், தொழிலாளர்களுக்குக் கண்டிப்பு நடக்கும், சில நாள் சரியாகப் போகும், பிறகு பழைய கதைதான். ஷிங்கோ சொன்ன மாற்றம் ஒரு சிறிய தட்டு. பெட்டியிலிருந்து நேராக ஸ்பிரிங்கை எடுத்து மாட்டுவதற்குப் பதில், முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். பிறகு மாட்ட வேண்டும். ஸ்விட்ச் முடிந்தபின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும். பழுது நின்றது. ஆட்களின் கவனம் ஒரே இரவில் கூடிவிடவில்லை. மறப்பது மனித இயல்பு என்று ஏற்றுக்கொண்டு வேலையைத் திருத்தினார்கள்.

இதையே அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு விளையாட்டாகவே நடத்திக் காட்டுவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. ஐம்பது குழிகள் கொண்ட துடுப்பால் அள்ள வேண்டும்; சிவப்பு மணி வந்தால் பழுது. ஒருவருக்கு ஆறு வரும், இன்னொருவருக்குப் பதினைந்து வரும். குறைவாக எடுத்தவரைப் பாராட்டுவார், அதிகம் எடுத்தவரை அதட்டுவார், கடைசியில் சிலரை வேலையை விட்டும் அனுப்புவார். அரங்கம் சிரிக்கும். ஐந்தில் ஒன்று சிவப்பாக இருக்கும் பெட்டியில் யார் அள்ளினாலும் சராசரியாகப் பத்து சிவப்பு வரத்தான் செய்யும். குறைக்க வேண்டுமானால் பெட்டிக்குள் சிவப்பு மணி வராமல் தடுக்க வேண்டும். அந்த அதிகாரம் துடுப்புப் பிடித்தவரிடம் இல்லை. தொல்லைகளில் 94 விழுக்காடு அமைப்பைச் சேர்ந்தவை, அவற்றுக்கு நிர்வாகமே பொறுப்பு என்பது டெமிங்கின் மதிப்பீடு.

விளையாட்டை நம்பாதவர்களுக்குக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் இருக்கிறது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை 1982இல் மூடப்பட்டது. வேலை நேரத்தில் குடி, வேண்டுமென்றே செய்த சேதம், ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் என்று அதன் தொழிலாளர்களுக்குப் பெயர் கெட்டிருந்தது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நூமி என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தன. எடுத்துக்கொண்ட ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. சங்கமும் பழைய சங்கமே. குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு என்ன ஆனாலும் லைன் நிற்கக்கூடாது. கோளாறோடு வந்த வண்டி வெளியே போய் நிற்கும், பிறகு யாராவது சரிசெய்வார்கள். நூமியில் ஒவ்வொருவர் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு கயிறு. கோளாறு கண்டால் இழுக்கலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும். இழுத்தவரைத் திட்ட யாரும் வரமாட்டார்கள், உதவத்தான் வருவார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளிலேயே தரத்தில் முதல் வரிசைக்கு அது வந்தது. வேலைக்கு வராதவர்களின் விகிதமும் சரிந்தது.

இதெல்லாம் ஜப்பானியர் ரத்தத்தில் ஊறியது, நம் ஆட்களிடம் எடுபடாது என்பார்கள். ஃப்ரீமான்ட் ஆட்கள் ஜப்பானியர் அல்லர். சென்னை பாடியில் இருந்தவர்களும் அல்லர். 1998இல் அங்கிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கியபோது, இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2002இல் டிவிஎஸ் மோட்டார், அடுத்த ஆண்டு பிரேக்ஸ் இந்தியா என்று வரிசை நீண்டது. அங்கே வேலை பார்த்தவர்களும் இதே பாலிடெக்னிக்கிலும் ஐடிஐயிலும் படித்து வந்தவர்கள்தானே?

இத்தனைக்குப் பிறகும் 'கவனக்குறைவு' ஏன் சாகவில்லை? செலவில்லாத பதில் அது. அச்சை (டை) புதுப்பிக்கப் பணம் வேண்டும், மூலப்பொருளை மாற்றக் கொள்முதல் துறையோடு சண்டை போட வேண்டும். மெமோவுக்கு ஒரு தாள் போதும். குற்றவாளி கிடைத்த கணமே விசாரணையும் முடிந்துவிடுகிறது. அதோடு பயமும் சேர்கிறது. பழுதைச் சொன்னால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று தெரிந்தவர், அதை அடுத்த மேசைக்குச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் வந்துபோய்க்கொண்டே இருக்கிறார்கள். மெஷினின் குணம் கைக்குப் பிடிபடுவதற்குள் ஆள் மாறிவிடுகிறார். அப்படி மாற்றும் முடிவை எடுத்தவர் பெயர் எந்தப் படிவத்திலும் வருவதில்லை.

அலட்சியமான ஆட்களே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரே இடத்தில் ஒருவரிடம் மட்டும் பழுது குவிந்தால், மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுவிட்டு அவரைக் கேட்கலாம். யார் வந்து நின்றாலும் அதே பழுது வரும் இடத்தில் ஆளைத் தேடுவதில் அர்த்தமில்லை.

ஷிங்கோ தன் முறைக்கு முதலில் வைத்த பெயர் 'பாகா-யோகே'. முட்டாள்களிடமிருந்து காப்பு என்று பொருள். 1963இல் அராகவா என்ற கார் பாடி ஆலையில், ஆட்கள் இடதையும் வலதையும் மாற்றி வைத்துவிடுவதால் இந்த ஏற்பாடு என்று மேலாளர் விளக்கியபோது, அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தன்னை முட்டாள் என்கிறார்களே என்று அழுதுவிட்டார். மறுநாள் வேலைக்கும் வரவில்லை. ஷிங்கோ பெயரை 'போகா-யோகே' என்று மாற்றினார், கைத்தவறிலிருந்து காப்பு. நம் படிவங்களின் 'மூல காரணம்' கட்டத்தில் இன்னும் அந்தப் பழைய பெயர்தான் இருக்கிறது.