போடியில் எத்தனை பேர்?

போன வாரம் என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், "வீடு வீடாப் போய் எண்ணுறதெல்லாம் இனிமே வீண் வேலை சார். கம்ப்யூட்டர்ல போட்டா எந்த ஊர்ல எத்தனை பேருன்னு வந்துரும்" என்றார். டீ ஆறிப்போகும் வரை வாதாடினேன். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

2001-இல் போடி நகராட்சியின் ஜனத்தொகை 73 ஆயிரத்துச் சொச்சம். 2011-இல் 75 ஆயிரத்துச் சொச்சம். பத்து வருஷத்தில் கூடியது சுமார் இரண்டாயிரம் பேர்தானாம். அதே பத்து வருஷத்தில் தேனி மாவட்டம் 10,93,950-இலிருந்து 12,45,899 ஆகியிருக்கிறது. போடிக்காரர்கள் மட்டும் என்ன, பிள்ளை பெறாமல் இருந்தார்களா? நகராட்சியின் எல்லைக்கல் நகரவில்லை, வீடுகள் நகர்ந்தன. மேலச்சொக்கநாதபுரம் பக்கம் நடந்து பாருங்கள். எந்த வீடு போடி, எந்த வீடு பக்கத்துப் பேரூராட்சி என்று தபால்காரரைத்தான் கேட்க வேண்டும். அந்த இரண்டாயிரத்தை வைத்து, இதே வேகத்தில் போனால் இன்றைக்கு இத்தனை பேர் என்று கம்ப்யூட்டர் சொல்லத்தான் செய்யும். தப்பான விதையைப் போட்டுவிட்டு விளைச்சலைக் குறை சொல்லி என்ன பயன்?

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் மலையில் இருக்கிறது. அதில் என் குற்றமும் ஒன்று உண்டு.

1991 கணக்கெடுப்பில் நானும் ஒரு கணக்கெடுப்பாளன். பிப்ரவரி 9 முதல் 28 வரை வேலை. ஊருக்கு மேற்கே, ஏலத்தோட்டக் கூலிக்காரர்கள் நிறைந்த நாலு தெரு எனக்கு. பள்ளிக்கூடம் விட்டபின் சாயங்காலம் போவேன். அன்றாடம் ஜீப்பில் போய்த் திரும்புகிறவர்கள் இருட்டும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள், அவர்களை எழுதிவிட்டேன். ஆனால் ஏழு வீடுகள் எப்போது போனாலும் பூட்டு. கடைசிக் காயெடுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் எஸ்டேட் லயத்திலேயே வாரம் முழுக்கத் தங்கிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி இறங்கி, திங்கள் விடியுமுன் ஏறிவிடுகிற குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் ஏழு வீட்டையும் பிடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு டியூஷன் இருந்தது. மார்ச் முதல் வாரம் விட்டுப்போனவர்களைச் சேர்க்க மறுசுற்று உண்டு. அப்போது பரீட்சை வேலை. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் மாதம் மகனைச் சேர்க்க வந்த ஒரு அம்மா கேட்டார்: "சார், நீங்கதான கணக்கெடுக்க வந்தீங்களாம். எங்களை எழுதுனீங்களா? மேல வந்தவங்க, நீங்க போடிக்காரங்க, அங்க எழுதிக்குவாங்கன்னுட்டுப் போய்ட்டாங்க."

"எழுதியிருப்பாங்கம்மா" என்றேன். 'எழுதினேன்' என்று சொல்ல நா வரவில்லை.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அந்த இருபது நாளும் ஊரிலேயே இல்லாதவரை, அவர் தங்கியிருக்கும் இடத்தில் எழுத வேண்டும். இடையில் வந்து போகிறவரை வீட்டில் எழுத வேண்டும். ஆனால் கேரளக்காரர் தமிழ்நாட்டில் எழுதுவார்கள் என்று விட, நான் மலையில் எழுதியிருப்பார்கள் என்று விட, அந்தக் குடும்பம் இரண்டு மாநிலத்திலும் இல்லாமல் போனது. என் நாலு தெருவில் ஏழு வீடு என்றால், தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரம் நெடுக எத்தனை?

இடுக்கி மாவட்ட ஜனத்தொகை 2001-இல் 11,29,221. 2011-இல் 11,08,974. இருபதாயிரம் பேர் குறைந்துவிட்டார்கள் என்று அப்போது பலரும் ஆச்சரியப்பட்டார்கள். மலையை விட்டுப் போனவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளைப் பார்க்கிற யாரும் மலை காலியாகிறது என்று சொல்லமாட்டார்கள்.

2011 கணக்கெடுப்பு முடிந்தபின் அரசே மறுசோதனை நடத்தியது. ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டார்கள் என்று தெரிந்தது. அது தேச சராசரி. பங்களாத் தெருவில் ஒருவரும் விடுபட்டிருக்கமாட்டார். அந்த 23 பேர் எங்கே இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

நண்பர் அமெரிக்காவைக் காட்டினார். அங்கே ஒவ்வொரு கவுண்டிக்கும் வருஷா வருஷம் மதிப்பீடு போடுகிறார்கள், உண்மைதான். பிறப்பு, இறப்புப் பதிவோடு, வருமான வரிப் படிவத்தில் மாறுகிற முகவரியையும் வைத்து யார் எங்கே போனார் என்று கண்டுபிடிக்கிறார்கள். அங்கேயே 2020 கணக்கெடுப்பில் டெக்சாஸ், ஃபுளோரிடா உட்பட ஆறு மாநிலங்களில் ஆட்கள் விடுபட்டார்கள் என்று மறுசோதனை சொன்னது. காயெடுக்கப் போகிற நம்மூர்ப் பெண்கள் எந்த வரிப் படிவத்தில் முகவரி மாற்றப் போகிறார்கள்?

2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் நின்றது. இன்னும் 2011 எண்ணை வைத்துத்தான் பஞ்சாயத்து வார்டும், மத்திய அரசின் அரிசி ஒதுக்கீடும். அன்று பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்பு தாண்டுகிற வயசு. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஐ வைத்து. செல்போனில் எழுதப் போகிறார்கள், நாமே நம் விவரத்தைப் பதியலாம் என்கிறார்கள். பதிகிறவர் பதிவார். நான் கவலைப்படுவது பதியத் தெரியாதவரைப் பற்றி, பூட்டின வீட்டைப் பற்றி.

கூட்டி எழுதச் சொல்லவில்லை. தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் பிப்ரவரிக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து, லயத்தில் இருப்பவரை யார் எழுதுவது என்று எஸ்டேட் வாரியாகப் பேசி முடிக்கட்டும். கணக்கெடுக்கப் போகிற இளம் வாத்தியார்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேற்குத் தெருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். டியூஷனை அந்த மூன்று வாரம் நிறுத்தி வையுங்கள்.