வெடிக்காமல் போன வேட்டு



தோட்டத்தில் ஒருவர் கையை இழந்தாலும் சரி, உயிரையே விட்டாலும் சரி, மறுநாள் பெரட்டுக் களத்தில் முதலில் காதில் விழும் சொல் ஒன்றுதான்: "கவனக்குறைவு". "அவன் பார்த்துச் செஞ்சிருக்கணும்" என்பார் தண்டல். "சொன்னா கேட்டாத்தானே" என்பார் கிராணி. நாமும் உச்சுக் கொட்டிவிட்டு, "அவன் தலையெழுத்து" என்று வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம்.

அந்தச் சொல்லை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்ல, உங்களை ஒரு பழைய தங்கச் சுரங்கத்துக்கு அழைத்துப் போக வேண்டும். "பால் மரத்துக்கும் தங்கத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

நம் பாட்டன்மார் கங்காணியின் பேச்சைக் கேட்டு மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலத்தில், வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் மைசூர் சமஸ்தானத்தில் இருந்த கோலார் தங்கவயலுக்குப் போனது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. இங்கே கங்காணி என்றால் அங்கே கண்டிராக்டரும் மேஸ்திரியும். இங்கே லயம் என்றால் அங்கேயும் வரிசை வரிசையாகக் குடிசைகள். சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், மைசூர் என்று பெயர் பெற்ற சுரங்கங்கள் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயின. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அவை மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டு காலம் அந்தப் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். நம் சொந்தக்காரர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையை எப்படி உடைத்தார்கள்? ஆரம்ப நாட்களில் பெரும்பாலும் சம்மட்டியும் உளியும்தான். ஒருவர் இரும்பு உளியைப் பாறையில் வைத்துப் பிடித்துக்கொள்வார். மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், வேர்வை ஒழுக, இப்படித் துளை போடுவார்கள். பிறகு அந்தத் துளைக்குள் டைனமைட் மருந்தைத் திணித்து, கேப்பு சொருகி, திரியைப் பற்ற வைத்துவிட்டு ஓடி ஒதுங்குவார்கள். டைனமைட்டை ஆல்ஃபிரட் நோபெல் 1867இல் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். அதற்குப் பின் உலகத்துத் தங்கச் சுரங்கங்கள் எல்லாம் அதை நம்பித்தான் நடந்தன.

ஒரே நேரத்தில் பல திரிகளைப் பற்ற வைப்பார்கள். ஒதுங்கி நின்று சத்தத்தை எண்ண வேண்டும். எட்டுத் துளைக்கு எட்டுச் சத்தம் வந்தால் சரி. ஏழுதான் வந்தால்? ஒன்று வெடிக்கவில்லை. திரி ஈரமாகியிருக்கும், கேப்பு கெட்டிருக்கும், அல்லது பக்கத்து வேட்டு இதன் திரியை அறுத்துவிட்டிருக்கும். மருந்து அப்படியே துளைக்குள் கிடக்கும். இரண்டு வேட்டு ஒன்றாக வெடித்தால் எண்ணிக்கையே குழம்பிப் போகும். புகையும் நெடியும் நெஞ்சை அடைக்கும்போது யார் நின்று நிதானமாக எண்ணுவார்?

அடுத்த ஷிப்டு வருகிறது. புது ஆட்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது உடைந்த கல்லும் பாறையில் ஒரு பழைய துளையின் அடிப்பாகமும்தான். புதிதாகத் துளை தொடங்குவது கஷ்டம், உளி வழுக்கும். பழைய துளையில் உளியை வைத்தால் சுலபமாக இறங்கும். எத்தனை அடி துளை போட்டாய் என்று அளந்து கூலி கொடுக்கிற இடத்தில், அந்தப் பழைய துளை ஒரு மணி நேர உழைப்பை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். வைக்கிறார் உளியை. அடிக்கிறார் சம்மட்டியால். உள்ளே உறங்கிக்கொண்டிருந்த மருந்து வெடிக்கிறது. உளியைப் பிடித்திருந்தவரின் முகம் துளைக்கு நேரே இருக்கிறது.

ஆரம்ப காலத் தங்கச் சுரங்கங்களில் வேட்டு மருந்தால் நேர்ந்த சாவுகளில் இது அடிக்கடி கண்ட ரகம். கோலாரானாலும் ஆப்பிரிக்காவானாலும் ஆஸ்திரேலியாவானாலும் கதை இதுதான். விசாரணை முடிந்து எழுதுகிற காரணமும் பல இடங்களில் ஒன்றேதான்: செத்தவரின் கவனக்குறைவு.

தோழர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மருந்தை வைத்தவர் யார்? வெடிக்கவில்லை என்று தெரிந்தவர் யார்? அதை அடுத்த ஷிப்டுக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர் யார்? அவசர அவசரமாக அடி கணக்குக் கேட்டவர் யார்? இவர்கள் ஒருவர் பெயரும் "கவனக்குறைவு" என்ற சொல்லுக்குள் வராது. ஒன்றுமே தெரியாமல் வந்தவர் மட்டும்தான் அதற்குள் அடைபடுகிறார். விபத்து நேற்றே நடந்துவிட்டது, சாவுதான் இன்றைக்கு வந்தது என்பேன் நான்.

இதே கதையைப் பெரிய அளவில் காட்டிய ஊர் தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க். அங்கே 1886இல் தங்கம் கண்டுபிடித்தார்கள். பத்தே ஆண்டில் சுரங்கங்கள் பெருகிவிட்டன. 1896 பிப்ரவரியில் சுரங்கங்களுக்கென்று ஐம்பது டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் பிராம்ஃபொன்டெயின் நிலையத்துக்கு வந்தது. மருந்துக் கிடங்கு நிரம்பியிருந்தது. அதனால் அந்தப் பெட்டிகளை அப்படியே தண்டவாளத்தில் நிறுத்தி வைத்தார்கள். ஒருநாள் அல்ல, மூன்றரை நாள். கொளுத்துகிற வெயிலில். பிப்ரவரி 19ஆம் தேதி பெட்டிகளை நகர்த்த ஓர் இன்ஜின் வந்து மோதியது. அவ்வளவுதான். சுமார் 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. 70க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 200 பேருக்கு மேல் படுகாயம். சுற்றியிருந்த ஏழைக் குடியிருப்புகள் தரைமட்டமாயின.

இன்ஜினை ஓட்டி வந்தவரா அந்த மருந்தை மூன்று நாள் வெயிலில் வைத்தார்? பக்கத்துக் குடிசையில் சோறாக்கிக்கொண்டிருந்த தாய்க்கு வாசலில் நிற்பது எமன் என்று யாராவது சொன்னார்களா?

இது சுகாதாரப் பகுதி. அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெடிக்காவிட்டாலும் அந்த மருந்து சும்மா விடாது. டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவே உடம்பில் ஏறி, இரத்தக் குழாய்களை விரித்து, தாங்க முடியாத தலைவலியைக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் வலி இன்னும் அதிகம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை நம் லயத்துப் பெரியவர்கள் சிலரிடம் இருக்குமே, அதுவும் இதே சரக்குத்தான். டாக்டர் அளந்து கொடுத்தால் மருந்து. அளவில்லாமல் கையில் அள்ளினால் நஞ்சு.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தோட்ட மருந்தகத்தில் வேலை செய்தபோது ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிந்து களைத்து வந்தவர், அடுப்படியில் இருந்த சோடா போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்திருக்கிறார். அது சோடா இல்லை. மருந்தடிக்கிற மச்சான் வீட்டுப் பின்பக்கப் புல்லுக்கு ஊற்றலாம் என்று ஸ்டோரிலிருந்து கொண்டு வந்து வைத்த களைக்கொல்லி. "உடனே துப்பிட்டேன் ஐயா, ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி இறந்தார். ஊரே "பார்த்துக் குடிச்சிருக்கக் கூடாதா" என்றது. எனக்கு மட்டும் அந்த வெடிக்காத வேட்டுத்தான் நினைவுக்கு வந்தது. ஊற்றி வைத்தவருக்குத் தெரியும். குடித்தவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. ஸ்டோரிலிருந்து நஞ்சு போத்தலில் வெளியே போனதை யாரும் தடுக்கவும் இல்லை.

அந்த வகைக் களைக்கொல்லியான பாராகுவாட்டை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். நல்லது. ஆனால் பழைய போத்தல் எந்த மூலையில் கிடக்கிறதோ, யார் கண்டது? இன்றே தேடிப் பாருங்கள். கிடைத்தால் திறக்காமல் நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

தீபாவளி வந்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ராத்திரி வெடிக்காமல் போன பட்டாசைக் காலையில் பொறுக்கி, மறுபடி பற்ற வைக்கிறார்கள், ஊதிப் பார்க்கிறார்கள். கோலாரின் பழைய துளை நம் வாசலிலேயே இருக்கிறது, தாய்மார்களே! வெடிக்காததைக் குனிந்து பார்க்கவும் விடாதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்து வாளித் தண்ணீரை ஊற்றி நனைக்கட்டும். இந்தியச் சுரங்க விதிகளிலும் இதுதான் இருக்கிறது: திரி வேட்டு வெடிக்காவிட்டால் அரை மணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. பழைய துளையைத் தொடக் கூடாது, ஓரடியாவது தள்ளித்தான் புதுத் துளை. அடுத்து வருகிறவருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். எத்தனையோ உயிர் போன பிறகு எழுதப்பட்ட விதி அது.

மீறி விபத்து நடந்துவிட்டால்: தீக்காயத்தில் பற்பசை, கிச்சாப் எதையும் பூசாதீர்கள். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு போங்கள். விரலை நேராக ஐஸில் போடாதீர்கள். நஞ்சு குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் கூடவே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். 999க்கு அழையுங்கள். சிரம்பானில் துவாங்கு ஜாஃபர் பெரியாஸ்பத்திரி இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1இல் அமலுக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், முதலாளியிடம் தெரிவித்துவிட்டு அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "சின்னக் காயம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

நிர்வாகத்தை நாம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது: ஆபத்து என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டது யார்? ஒவ்வொரு விபத்திலும் இதைக் கேட்போம். அதே கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். டிராக்டர் பிரேக் பிடிக்கவில்லையா, ஏணிப் படி ஆடுகிறதா, தோம்பில் பேர் ஒட்டாத மருந்து இருக்கிறதா, வேலை முடிந்து கிளம்புமுன் அடுத்து வருகிறவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் தமிழராக இல்லாமல் வங்காளதேசியாக, இந்தோனேசியராக இருக்கலாம். தெரிந்த மலாயில் சொல்லுங்கள். கையைக் காட்டியாவது சொல்லுங்கள்.

கோலாரில் அந்த ஏழாவது சத்தத்தோடு எண்ணுவதை நிறுத்தியவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: "அண்ணே, ஒண்ணு வெடிக்கல." ஓர் உயிர் பிழைத்திருக்கும்.