கற்றுக் கொடுத்தால் வியாபாரம் கெடுமா?

அமெரிக்காவில் கிராஃப்ட் புரூவரி எனப்படும் சிறு பீர் ஆலைகள் பலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகிறது. கூட்டம் குறைந்த வாரநாள் மாலையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஜப்பானியரின் சுஷி செய்யும் வகுப்பு நடத்துகிறார்கள். வருவோர் முன்கூட்டியே பணம் கட்டி, தம் கையாலேயே சோற்றைப் பரப்பி, சுருட்டி, நறுக்கி, அங்கேயே உண்டுவிட்டுப் போகிறார்கள். பீர் ஆலைக்கும் சோற்றுச் சுருளுக்கும் என்ன சம்பந்தம், இதை வணிகர் இதழில் எழுதுவானேன் என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். மதுவுக்குப் பரிந்து பேசுவது நமது நோக்கமல்ல. அந்த ஒரு மாலையின் கணக்கைத்தான் நாம் பார்க்க விரும்புகிறோம்.

அந்த ஆலைகள் ஏன் இந்த வேலையில் இறங்கின? 1970களின் கடைசியில் அந்த நாடு முழுவதிலும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. 1978ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சுவதை அனுமதித்தது. வீட்டில் காய்ச்சிப் பழகியவர்களில் பலர் பிறகு சிறு ஆலை வைத்தார்கள். இன்று எண்ணிக்கை 9,000ஐத் தாண்டி நிற்கிறது. தெருவுக்குத் தெரு போட்டி. 2024ஆம் ஆண்டில் புதிதாகத் திறந்தவற்றைவிட மூடியவை அதிகம். சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஆளை உள்ளே வரவழைக்க வேறு காரணம் வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. நமது கடைவீதிகளுக்கும் இது தெரியாத கதையல்ல.

ஆலைக்காரரிடம் இடம் இருக்கிறது. பெரும்பாலும் பழைய கிடங்குக் கட்டிடம், அடுப்படிகூட இருக்காது. சமையல்காரரிடம் வித்தை இருக்கிறது, கடை இல்லை. சுஷிக்கு வகுப்பு நடக்கும் இடத்தில் அடுப்பு தேவையில்லை. சோற்றை வெளியில் வடித்துக் கொண்டு வந்துவிடலாம். ஆகவே இருவரும் ஒரு மாலைக்குக் கூட்டுச் சேர்கிறார்கள். வகுப்புக் கட்டணத்தில் சமையல்காரருக்குப் பங்கு. குடிப்பதற்கு விற்பதெல்லாம் ஆலைக்காரருக்கு. ஒருவர் சரக்கை மற்றவர் விற்பதில்லை என்பதால் பொறாமைக்கு இடமில்லை.

இதில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது முன்பணம். எத்தனை பேர் வருவார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. அதற்கு ஏற்ற அரிசி, அதற்கு ஏற்ற மீன், அதற்கு ஏற்ற வெள்ளரிக்காய். மிச்சம் விழுந்து அழுகுவது இல்லை. ‘எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாம் தேதி தருகிறேன்’ என்ற பேச்சும் இல்லை! அழுகும் சரக்கை வைத்து வியாபாரம் செய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வகுப்பில் சொல்லித் தருவதும் பெரும்பாலும் நம் தொழில் சம்பந்தமானதே. சுஷி என்றால் பச்சை மீன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோறுதான் சுஷி. மீன் இல்லாமலும் செய்யலாம். அரிசிதான் எல்லாம். நமது பொன்னியோ பாசுமதியோ இதற்கு உதவாது. உதிரி உதிரியாக நிற்கும். ஜப்பானிய வகைக் குட்டை அரிசி வேண்டும், அல்லது கலிபோர்னியாவில் 1948ல் வெளியிடப்பட்ட கால்ரோஸ் என்னும் நடுத்தர அரிசி. கழுநீர் தெளியும்வரை கழுவி, வடித்த சோறு சூடாக இருக்கும்போதே வினிகர்க் கலவையை ஊற்றி, பிசையாமல் கரண்டியால் வெட்டி வெட்டிப் புரட்டி, விசிறியால் ஆற்ற வேண்டும். மூங்கில் பாயின் மேல் கடற்பாசித் தாளை, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி வைத்து, கையை நனைத்துக்கொண்டு சோற்றை மெல்லப் பரப்ப வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் இடம் விட வேண்டும். அதிகம் வைத்தால் சுருள் வாய் மூடாது. புதிதாக வருபவர் எல்லோரும் அதிகமாகத்தான் வைக்கிறார்கள்.

‘வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் வீட்டிலேயே செய்துகொள்வாரே, பிறகு நம்மிடம் ஏன் வருவார்?’ என்பது நம்மவர் பலரின் எண்ணம். ஓட்டல்காரர் அப்படி அஞ்சுவதில் நியாயம் உண்டு. மளிகைக்காரர் அஞ்சுவானேன்? வீட்டில் செய்ய அரிசி வேண்டும், வினிகர் வேண்டும், தாள் வேண்டும். வீட்டில் செய்பவர்தானே நமக்கு வாடிக்கை!

ஜப்பானிய வணிகர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். கிக்கோமான் நிறுவனம் 1957ல் சான் பிரான்சிஸ்கோவில் விற்பனை நிலையம் தொடங்கியபோது, சோயா சாஸ் என்றால் என்னவென்றே பெரும்பாலான அமெரிக்கருக்குத் தெரியாது. அந்நிறுவனத்தார் விளம்பரத்தோடு நின்றுவிடவில்லை. கடைகளுக்குள்ளேயே ஆள் நிறுத்தி, சாஸில் ஊறிய இறைச்சியை வாடிக்கையாளர் கண்முன் சமைத்து, ருசி பார்க்கக் கொடுத்தார்கள். ஜப்பானியச் சமையலைப் படியுங்கள் என்று சொல்லாமல், நீங்கள் தினமும் உண்ணும் இறைச்சியில் இதை ஊற்றிப் பாருங்கள் என்றார்கள். 1973ல் விஸ்கான்சின் மாநிலத்தில் சொந்த ஆலையே திறக்கும் அளவுக்கு விற்பனை வளர்ந்தது.

சுஷியை அமெரிக்காவில் பரப்பியவர்களில் ஒருவரும் மொத்த வியாபாரியே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜப்பானியக் கடைக்காரர்கள் சிலர் கூட்டாகச் சரக்கு வரவழைப்பதற்காக 1926ல் தொடங்கிய நிறுவனம் மியூச்சுவல் டிரேடிங். அதாவது, நமது சங்கத்தைப் போன்ற ஒரு கூட்டு முயற்சி. அதை நடத்திய நோரிடோஷி கனாய், 1960களில் அங்குள்ள ஓட்டல் ஒன்றில் சுஷி மேடை அமையத் தூண்டுகோலாக இருந்தார். வெறும் சரக்கு மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல், சரக்கு செலவாகும் வழியையும் உண்டாக்கினார் என்பதை மொத்த வியாபாரிகள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பீர் ஆலை வகுப்புகளில் நாம் காணும் குறை ஒன்று உண்டு. வந்தவர் வயிறு நிறைந்து, ஆசையும் மூண்டு வெளியே போகிறார். கையில் பொட்டலம் இல்லாமல் போகிறார். மறுநாள் ஏதோ ஒரு பெரிய கடையில் தவறான அரிசியை வாங்கி, சோறு ஒட்டவில்லை என்று விட்டுவிடுவார். வாசலில் ஒரு மேசை போட்டு அரிசி, தாள், பாய், வினிகர் நான்கையும் ஒரே பையில் கட்டி வைத்தால் அந்த மாலையிலேயே இரண்டாவது வியாபாரம் நடந்துவிடும். இது ஆலைக்காரருக்குத் தோன்றாமல் போகலாம். மளிகைக்காரருக்குத் தோன்றாமல் போகாது.

நம் பக்கம் வருவோம். 2023ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததிலிருந்து வரகு, சாமை, குதிரைவாலி கேட்டு வருபவர்கள் உண்டு. ஒரு கிலோ வாங்கிப் போகிறார்கள், தண்ணீர் அளவு தெரியாமல் களியாகிவிடுகிறது, மறுமுறை வாங்குவதில்லை. பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செல்போன் வியாபாரத்தோடு வேகத்தில் நாம் போட்டியிட முடியாது. ஆனால் ஒரு கிண்ணம் சாமைச் சோற்றைக் கையில் கொடுத்து, இப்படித்தான் வேக வேண்டும் என்று காட்ட செல்போனால் ஆகாது. மண்டபமோ கடை மாடியோ போதும். பாத்திரக் கடைக்காரரும் மளிகைக்காரரும் சேர்ந்து நடத்தலாம். செலவு பாதி பாதி. கட்டணம் வாங்குங்கள், நூறு ரூபாயாவது வாங்குங்கள். இலவசம் என்றால் பெயர் கொடுத்தவரில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பது நமது கருத்து.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். உணவைக் கையில் கொடுக்கத் துணிந்தவர் சுத்தத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். பச்சையாக உண்ணும் மீனிலுள்ள புழுக்களை அழிக்க, அதை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறைய வைக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறை காட்டும் வழிகளில் ஒன்று. சூரை மீன் வகைகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘சுஷி தரம்’ என்று மீன் பெட்டியில் ஒட்டும் சீட்டுக்கு அங்கே சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை. அது விற்பவரின் வாக்கு மட்டுமே. சோற்றில் வினிகர் சேர்ப்பதும் ருசிக்காக மட்டுமல்ல. வெளியில் வைத்த வெறும் சோற்றில் கிருமி பெருகும், புளிப்பு அதைத் தடுக்கிறது. நாம் மீன் பக்கமே போக வேண்டாம். சிறுதானியச் சோறானாலும் காலையில் வடித்ததை மாலையில் நீட்டக் கூடாது. வருவோர் கண்முன் வடித்துக் காட்டினால்தான் தண்ணீர் அளவும் அவர்களுக்கு மனதில் நிற்கும்.