சுருட்டையைத் தெரியாத பிள்ளைகள்



லீவுக்குப் பேரனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போனேன். "அப்பத்தா, ராட்டில் ஸ்னேக் எங்கே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்கப் பாலைவனத்துப் பாம்பு, டிவியில் பார்த்தது. சுருட்டை விரியனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது வாலைக் கிலுக்கும். நம்ம சுருட்டை செதில்களை உரசி, ரம்பம் அறுப்பதுபோல் எச்சரிக்கும். ராமநாதபுரத்துக் காய்ந்த மண் அதற்குத் தோதான இடம். ஒரு முழம், ஒன்றரை முழம்தான் இருக்கும், ஆளைக் கொல்லும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு விஷம் எடுத்துத் தருகிறவர்கள் வடநெம்மேலியில் 1978-இல் சங்கம் அமைத்த இருளர்கள். இதைப் பிள்ளைக்குச் சொன்ன பெற்றோர் கை தூக்குங்கள்!

"பயந்துடுவான் டீச்சர்" என்கிறாள் ஒரு மாணவி. பயப்படட்டுமே. தெரியாமல் மிதிப்பதற்கு அது தேவலை.

என் மேலும் தப்பு உண்டு. 1988-இல் பள்ளிக் கிணற்றடியில் வந்த சாரையை அடிக்கச் சொன்னது நான்தான். எலி தின்கிற, விஷமில்லாத பாம்பு. கம்பு எடுத்த பையன்கள் இதைப் படிப்பீர்கள்.

கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

பேரன் அடுத்த லீவுக்கு ஊருக்கு வருகிறான். டார்ச் இல்லாமல் ராத்திரி வாசல்படி இறங்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம்.