பேசிய வாடகையும் கேட்கும் வாடகையும்

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நம் உறுப்பினர் ஒருவருக்கு மண்டபத்திலிருந்து போன் வந்தது. தை மாதமே வாடகை 1,50,000 ரூபாய், வரி தனி என்று பேசி, 50,000 முன்பணம் கட்டி, ரசீதும் வாங்கி வைத்திருந்தவர் அவர். மேனேஜர் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, ஆவணியிலேயிருந்து வாடகையை 1,95,000 ஆக்கிட்டாங்க. மீதியை இந்த வாரத்துக்குள்ள கட்டிடுங்க. தோதுப்படலேன்னா சொல்லுங்க, அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறோம். அந்தத் தேதிக்கு ரெண்டு பார்ட்டி கேட்டுக்கிட்டிருக்காங்க."

கூடுதல் 45,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 53,100. பணம் பெரிய தொகைதான். ஆனாலும் அவரை உட்கார வைத்தது பணம் அல்ல. பத்திரிகை அடித்து முக்கால்வாசி கொடுத்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வெளியூர். வேன் பேசியாயிற்று, சமையலுக்கும் மேளத்துக்கும் தாம்பூலம் மாற்றியாயிற்று. அந்த முகூர்த்தத்துக்கு ஊரில் வேறு மண்டபம் கிடையாது. இதெல்லாம் மேனேஜருக்கும் தெரியும்.

ஆடியில் இதே மண்டபத்தைக் கேட்டால் வாடகையைக் குறைத்துக் கொடுக்கக்கூடத் தயாராக இருப்பார்கள். மார்கழியில் துடைத்துப் பூட்டி வைத்திருப்பார்கள். வருமானமெல்லாம் தை, வைகாசி, ஆவணி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய முகூர்த்த நாட்களில்தான். அந்த நாளுக்கு அதிக வாடகை வைப்பதை வியாபாரிகளாகிய நாம் குறை சொல்ல முடியாது. கிராக்கி உள்ள சரக்குக்கு விலை உண்டு. ஆனால் அந்த விலையைத் தை மாதம் முன்பணம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகு சொல்வது கிராக்கிக்கு ஏற்ற விலை அல்ல. எதிராளிக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டு கேட்பது.

இப்படிப்பட்ட நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. "நல்ல காரியம், அபசகுனமாக எதற்குச் சண்டை" என்று கொடுத்துவிடுவது. கடையில் ஒரு மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூட்டிப் பில் போட்டால் ஏஜென்டிடம் அரை மணி நேரம் பேசுகிறவர், மண்டபத்தில் 53,100 ரூபாயை வாய் திறக்காமல் எடுத்து வைக்கிறார். இது சரியல்ல என்பது நம் கருத்து. சண்டை வேண்டாம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டே தீர வேண்டும்.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவின்படி, பேசிய ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மட்டும் போனில் சொல்லி வாடகையை மாற்ற முடியாது. "முடியாது என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்பதும் பெருந்தன்மை அல்ல. அது ஒப்பந்தத்தை முறிப்பது. முறித்தால் அதனால் இயல்பாக ஏற்படும் நஷ்டத்துக்கு 73-வது பிரிவின்படி ஈடு கேட்கலாம். வேறு மண்டபத்துக்குக் கொடுக்கும் அதிக வாடகை, பத்திரிகை மறுபடி அடிக்கும் செலவு இவையெல்லாம் அதில் சேரும்.

சில ரசீதுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் "வாடகையை எந்நேரமும் மாற்ற நிர்வாகத்துக்கு உரிமை உண்டு" என்று அச்சடித்திருப்பார்கள். அதைக் காட்டினால் நம்மவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நியாயமற்ற ஒப்பந்தம் என்ற ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. நுகர்வோருக்குப் பாதகமாக நியாயமில்லாத கட்டணத்தையோ நிபந்தனையையோ சுமத்தும் ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடலாம். சேவைக் குறைபாடு என்று போவதானால் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. இது குடும்ப விசேஷத்துக்கு மட்டும்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். தள்ளுபடி விற்பனை போட மண்டபம் பிடிக்கும் ஜவுளிக்கடைக்காரர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்ல. அது வியாபார நோக்கம் ஆகிவிடும்.

ஆனால் மனு, ஆணையம் எல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு. பன்னிரண்டு நாளில் நடக்க வேண்டியது பேச்சுவார்த்தைதான்.

நம் உறுப்பினருடன் சங்கத்திலிருந்து நாம் இருவர் போனோம். போனில் பேசவில்லை, நேரில் போனோம். ரசீதின் நகலை மேசையில் வைத்து, உயர்வை எழுத்தில் தரும்படி கேட்டோம். லெட்டர் பேடில் தேதி போட்டு, தை மாதம் பேசிய வாடகை இவ்வளவு, இப்போது கேட்பது இவ்வளவு, காரணம் இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றோம். அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மேனேஜர், முதலாளியைக் கேட்டுச் சொல்வதாக உள்ளே போனார். எழுத்தில் கேட்பதற்கு இவ்வளவு பலம் உண்டு என்று நாமே எதிர்பார்க்கவில்லை.

முதலாளி வந்தார். அவரும் தம் கஷ்டத்தைச் சொன்னார். 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது மண்டபம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. 2022-ல் ஏப்ரலில் சொத்து வரி, செப்டம்பரில் மின் கட்டணம் என்று இரண்டும் ஏறின. டீசல் விலை தெரிந்ததே. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் செலவெல்லாம் தை மாதம் ரசீது எழுதும்போதே இருந்தவைதானே என்று கேட்டோம். பதில் இல்லை.

பிறகு உயர்வைப் பிரித்துப் பேசினோம். நம் அனுபவத்தில் இதுவே காரியம் ஆகும் வழி. அரசு வரி விகிதம் இடையில் ஏறினால் அதை நாம் தர வேண்டியது நியாயம். சரக்கு விற்பனையில்கூட, பேசிய பிறகு வரி ஏறினால் வித்தியாசத்தை வாங்குபவரிடம் சேர்த்து வாங்க 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. இங்கே வரி ஏறவில்லை. அடுத்தது, ஓடிய அளவுக்குக் கொடுக்க வேண்டியவை: ஜெனரேட்டர் டீசல், கரண்ட் யூனிட், கேஸ் சிலிண்டர். சாவி வாங்கும்போது ஒரு முறை, ஒப்படைக்கும்போது ஒரு முறை மீட்டரைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் தகராறே இல்லை. மிச்சம் இருப்பது இடத்தின் வாடகை. அதில் ஒரு ரூபாய்கூட ஏறக்கூடாது என்று நின்றோம்.

முடிவில் வாடகை 1,50,000-லேயே நின்றது. துப்புரவுக்கும் டீசலுக்கும் சேர்த்து 15,000 தருவதாகப் பேசி முடித்தோம். அதில் ஐந்தாயிரமாவது அதிகம் என்று இப்போதும் நினைக்கிறோம். ஆனால் அதற்குப் பில் வாங்கியிருக்கிறோம். பில் இல்லை என்று மண்டபக்காரர்கள் சொல்வதற்கும் இப்போது இடமில்லை. 1997 ஜூலை 1 முதல் மண்டபங்களுக்குச் சேவை வரி போடப்பட்டது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு கல்யாண மண்டப உரிமையாளர்கள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போய், 2004-ல் வரி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2017 முதல் ஜி.எஸ்.டி.யில் முன்பணம் வாங்கினாலே அதற்கு வரி கட்ட வேண்டும். எனவே பதிவு பெற்ற மண்டபமானால் முன்பணத்துக்கே ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். துண்டுச் சீட்டில் "வரவு 50,000" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வரக்கூடாது.

பேச்சு படியாமல், கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால்? கொடுக்கலாம், கல்யாணம்தான் முக்கியம். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காமல் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுத்து, "ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்" என்று ஒரு கடிதம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆணையத்துக்குப் போவதற்கு அந்த ஒரு தாள் இருந்தாக வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் நம் உறுப்பினர் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதாமல் விட மனமில்லை. எழுத அவரே சம்மதித்திருக்கிறார். அவர் மளிகை மொத்த வியாபாரி. 2022 பிப்ரவரியில் ஒரு கல்யாண வீட்டார் முழு லிஸ்டும் கொடுத்து, விலை பேசி, முன்பணமும் கட்டியிருந்தார்கள். உக்ரைன் போர் தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் அங்கிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருவது; விலை நாளுக்கு நாள் ஏறியது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, டின்னுக்கு இவ்வளவு அதிகம், இல்லையென்றால் சரக்கு இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். "பேசின அன்னிக்கே டின்னை எடுத்து வச்சிருந்தேங்க. பழைய விலைக்கு வாங்கின சரக்குதான்" என்றார். நாம் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் கடைகளிலும் அந்த மார்ச் மாதக் கணக்கு ஒன்று இருக்கும்.

தங்கத்தின் விலை தினம் மாறுகிறது. ஆனாலும் நகைக்கடைகளில் முன்பதிவுத் தகராறு குறைவு. பதிவு செய்த நாள் விலை, வாங்கும் நாள் விலை இரண்டில் எது குறைவோ அது என்பது போன்ற நிபந்தனையை, எத்தனை நாளுக்கு, எவ்வளவு பணம் கட்டினால் என்ற விவரத்தோடு சீட்டிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாறும் விலையாக இருந்தால் மாறும் என்று முதலிலேயே எழுதுவது. மளிகையிலும் பாத்திரத்திலும் பந்தலிலும் இதை ஏன் செய்ய முடியாது? "எண்ணெய் விலை எடுக்கும் நாள் விலை, மற்றவை பேசிய விலை" என்று ஒரு வரி போதும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்தின் மண்டப வாடகையை உயர்த்தும் தீர்மானம் வரும் பொதுக்குழுவுக்கு வருகிறது. உயர்த்த வேண்டியதுதான், பழைய வாடகையில் வெள்ளை அடிக்கவும் காணாது. ஆனால் நகலில் "ஏற்கெனவே பதிவு செய்த தேதிகளுக்கும் பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கிறது. பதிவு செய்தவர்களில் உறுப்பினர்களும் உண்டு, வெளியாரும் உண்டு. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நாம் திருத்தம் கொடுத்திருக்கிறோம். அதனால் இந்த வருடம் சங்கத்துக்கு வருமானம் குறையும் என்று பொருளாளர் சொல்கிறார். குறையத்தான் செய்யும். அடுத்த மண்டபத்துக்குப் போய் ரசீதை மேசையில் வைத்துப் பேசிய நாம், நம் மண்டபத்தில் வேறு மாதிரி பேச முடியாது.

வாடகை, நேரம், அதில் அடங்கியவை, தனிக் கட்டணம், அதன் விகிதம் எல்லாம் முன்பக்கமே போட்டு ஒரு புது ரசீது மாதிரியும் தயாரித்திருக்கிறோம். சங்க அலுவலகத்தில் பார்க்கலாம். சொந்தமாக மண்டபம் வைத்திருக்கும் உறுப்பினர்களும், மண்டபம் பிடித்திருக்கும் உறுப்பினர்களும் தங்கள் ரசீது நகல்களைப் பொதுக்குழுவுக்கு முன்பாகக் கொடுத்தால் ஒப்பிட்டுத் திருத்த உதவியாக இருக்கும்.