சிறு வியாபாரிகளும் இன்ஷூரன்ஸும்

2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னை நகரத்தையும், 2023-ம் வருஷம் அதே மாதத்தில் முதலில் சென்னையையும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களையும் வெள்ளம் சூழ்ந்ததை நமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகளின் யந்திரங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய விபத்து நேரும்போதெல்லாம், சர்க்கார் என்ன கொடுக்கப் போகிறது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் சர்க்கார் உதவி சில நாளையப் பசியைத் தணிக்கக்கூடுமேயன்றி, பல லக்ஷம் ரூபாய் சரக்கை இழந்த கடைக்காரரை மறுபடியும் கடையில் உட்கார வைக்க மாட்டாது. அதைச் செய்யக்கூடியது சரியாக எடுக்கப்பட்ட இன்ஷூரன்ஸ் ஒன்றே. ‘சரியாக எடுக்கப்பட்ட’ என்ற சொற்களை நாம் வேண்டுமென்றே சேர்க்கிறோம்.

நமது சிறு வியாபாரிகளில் பலர் இன்ஷூரன்ஸ் எடுப்பது தம் பொருட்டன்று, பாங்கியின் பொருட்டே. கடன் கொடுக்கும் பாங்கி பாலிஸி கேட்கிறது. கடன் தொகைக்கு ஒரு பாலிஸி எடுக்கப்படுகிறது. பிரிமியம் கணக்கில் பற்றெழுதப்படுகிறது. காகிதம் பாங்கியின் பீரோவுக்குள் போய்விடுகிறது. கடைக்காரர் அதைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. தமக்கும் பாதுகாப்பு உண்டு என்ற திருப்தியுடன் அவர் உறங்குகிறார். அந்தத் திருப்தி எவ்வளவு பொய்யானதென்பதை ஒரு சிறு கணக்கினால் காட்டலாம்.

ஒருவருடைய கடையில் ரூ. 20 லக்ஷம் பெறுமான சரக்கு இருக்கிறது. கடன் ரூ. 10 லக்ஷந்தான், ஆகவே பாலிஸியும் ரூ. 10 லக்ஷத்துக்கே. நெருப்பினால் ரூ. 6 லக்ஷம் நஷ்டம் நேர்ந்தால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று அவர் நினைப்பார். 6 என்பது 10-க்கு உட்பட்டதுதானே! கம்பெனியின் கணக்கு வேறு. பாதிப் பெறுமானத்துக்கே இன்ஷூர் செய்தீர், மற்றப் பாதிக்கு நீரே பொறுப்பாளி என்று கூறி, நஷ்டத்தில் பாதியாகிய ரூ. 3 லக்ஷத்தையே கொடுக்கும். இதற்குச் ‘சராசரி விதி’ என்று பெயர். அந்த 3 லக்ஷமும் பாங்கி ஷரத்தின்படி முதலில் பாங்கிக்கே போய்ச் சேரும். கம்பெனி மோசம் செய்துவிட்டதாகக் கூச்சலிட்டுப் பயனில்லை. பாலிஸியிலேயே அச்சிடப்பட்டுள்ள விதி அது.

ஆகவே, பிரிமியம் எவ்வளவு என்பது முதற் கேள்வியன்று. உள்ள பெறுமானம் முழுவதும் இன்ஷூர் செய்யப்பட்டிருக்கிறதா என்பதே முதற் கேள்வி. சரக்கைக் கொள்முதல் விலைக்கே மதிப்பிட வேண்டும். வரப்போகும் லாபத்தைச் சேர்த்தலாகாது. யந்திரத்துக்கோ, தேய்மானம் கழித்த விலைக்குப் பாலிஸி எடுத்தால் பழைய யந்திரத்தின் மதிப்பே கிடைக்கும். புதிது வாங்க அது போதாது. புது யந்திரத்தின் விலைக்கு எடுப்பதற்கும் வழியுண்டு. அதைக் கேட்டுப் பெற வேண்டும். தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடையில் சரக்கு குவிகிறது. தை பிறந்தபின் குறைகிறது. குறைந்த மாதத்துச் சரக்கை மதிப்பிட்டுப் பாலிஸி எடுத்தவர், நிறைந்த மாதத்தில் விபத்து நேரின் பெரும் பங்கை இழப்பார்.

இரண்டாவது கேள்வி, எந்தெந்த அபாயங்கள் பாலிஸியில் அடங்கியுள்ளன என்பது. பழைய நெருப்புப் பாலிஸியில் புயல், வெள்ள அபாயங்களை நீக்கிவிட்டுப் பிரிமியத்தைச் சிறிது குறைத்துக்கொள்ள இடமிருந்தது. அவ்வாறு சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவருடைய கடையில் வெள்ளம் புகுந்தால் அவருக்கு ஒரு காசும் கிடைக்க வழியில்லை. இக்குறைகளை ஓரளவு நீக்கும்பொருட்டே, ஓரிடத்தில் ரூ. 5 கோடிக்கு மேற்படாத சொத்துள்ள சிறு தொழில்களுக்காக ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பொதுவான பாலிஸி 1-4-2021 முதல் ஏற்படுத்தப்பட்டது. ரூ. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ளவர்களுக்கு ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’ என்று மற்றொன்று உண்டு. நெருப்பு, பூகம்பம், புயல், வெள்ளம் ஆகியவை முதலதில் சேர்ந்தே இருக்கின்றன. விபத்து நடந்து 7 நாட்களுக்குள் நேரும் திருட்டும் அடங்கும். பெறுமானத்தில் 100-க்கு 15 வரை குறைத்து இன்ஷூர் செய்திருந்தாலும் சராசரி விதி பாயாது. மேற்கூறிய நம் கடைக்காரரைப்போல் பாதிக்குப் பாதி குறைத்தவரை இச்சலுகையும் காப்பாற்றாது.

நிற்க, நெருப்புப் பாலிஸி ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமென்று எண்ணுவதும் தவறு. பூட்டை உடைத்து நடக்கும் களவுக்குத் தனிப் பாலிஸி வேண்டும். கடைச் சிப்பந்தியே பணத்தைக் கையாடினால் களவுப் பாலிஸி உதவாது. அதற்கு வேறு ஜாமீன் பாலிஸி உண்டு. வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பை 1923-ம் வருஷத்துச் சட்டம் முதலாளியின்மேல் சுமத்தியது; அப்பொறுப்பு இன்றும் நீங்கவில்லை. இ. எஸ். ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு அத்திட்டம் உதவும். பத்துப் பேருக்குக் குறைந்த ஆட்களைக் கொண்ட பட்டறைகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஒருவர் விரலிழந்தால் அக்குடும்பமும் பட்டறையும் ஒருங்கே தவிக்கும். இந்தப் பாலிஸி தர்மமன்று, கடமை.

எல்லாவற்றுக்கும் பிரிமியம் கட்ட ஏழை வியாபாரி எங்கே போவார் என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டுமென்று நாம் கூறவில்லை. உடைந்த கண்ணாடியையும் பழுதான விசிறியையும் கைப்பணத்தால் சரிசெய்யலாம். ஒரே நாளில் தொழிலை அழிக்கக்கூடிய நஷ்டம் எதுவோ அதற்கே முதலில் பாதுகாப்பு தேட வேண்டும். சில்லறை நஷ்டத்துக்குப் பிரிமியம் கட்டிவிட்டுப் பெருநஷ்டத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது விவேகமன்று.

பாலிஸி எடுத்தபின்னும் ஜாக்கிரதை வேண்டும். பிரிமியம் செலுத்தும் முன் கம்பெனிக்குப் பொறுப்பில்லையென்பது 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் கண்ட விதி. பாலிஸியில் எழுதாத கிடங்கில் சரக்கு வைத்தால் அச்சரக்குக்குப் பாதுகாப்பில்லை. கணக்குகளின் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். சரக்கோடு கணக்கும் எரிந்துபோனால் நஷ்டத்தை எதைக்கொண்டு ரூபிப்பது? விபத்து நேர்ந்தவுடன் கம்பெனிக்கு எழுத்துமூலம் அறிவித்து, சர்வேயர் பார்வையிடும்வரை சேதப்பட்ட சரக்கை அப்புறப்படுத்தாதிருக்க வேண்டும். நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்க்கும் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனி முதலாளிகளின் கடைகளும் மிகச் சிறு தொழில்களும் அங்கே முறையிட உரிமை பெற்றிருக்கின்றன. சென்னையிலேயே அவருக்குக் காரியாலயம் உண்டு.

இவ்விஷயத்தில் நமது வியாபாரிகள் யாசகரைப்போல் நிற்க வேண்டிய அவசியமில்லை. இத்தேசத்தில் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அந்நியர் கையில் இருந்த காலத்திலேயே, 1906-ல் கல்கத்தாவில் நேஷனல் கம்பெனியும் 1919-ல் பம்பாயில் நியூ இந்தியா கம்பெனியும் தோன்றின. 1973-ம் வருஷ ஆரம்பத்தில் 107 கம்பெனிகள் தேசவுடைமையாகி நான்காகத் திரட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமைக் காரியாலயம் சென்னையில் இருக்கிறது. ஜனங்களின் பணத்தைக்கொண்டு நடக்கும் இந்த ஸ்தாபனங்களும், பின்னர் தோன்றிய தனியார் கம்பெனிகளும், பாலிஸியின் முக்கிய ஷரத்துக்களை வியாபாரி படிக்கும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று கேட்பது நமது உரிமை. புரியாத பாஷையில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விபத்து நேர்ந்த பிறகு ஷரத்தைச் சுட்டிக் காட்டுவது முறையாகாது.

பொதுநல ஊழியர்களுக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும் இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வெள்ளத்துக்குப்பின் சோறு வழங்குவது நல்ல தொண்டு. வெள்ளத்துக்குமுன் கடைத்தெருவில் ஒரு மாலை கூடி, ஒவ்வொருவருடைய பாலிஸியையும் பாங்கியிலிருந்து பிரதி வாங்கிவரச் செய்து, பெறுமானம் சரியா, வெள்ளம் அடங்கியுள்ளதா, விலாசம் சரியா என்று படித்துச் சொல்வது அதனினும் நிலையான தொண்டு. ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒவ்வோர் ஊரிலும் இவ்வேலை முடிய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.